வெள்ளையணு கூடியது பற்றி

காட்பாடி

அன்புள்ள சண்முகம்,

ஆரணியிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மூட்டுவாதத்துக்காகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு தங்கை மரகதத்தின் வெள்ளையணு எண்ணிக்கை 13,000-ஐத் தாண்டிவிட்டதைப் பார்த்து, உள்ளே ஏதோ தொற்று ஒளிந்திருக்கிறதோ என்று நீ உறக்கமின்றித் தவிப்பதை அறிந்து மனம் கனத்தது. காய்ச்சல் இல்லை, மருத்துவரும் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேலூரில் பணி ஓய்வு வரை நுண்ணோக்கியின் முன் அமர்ந்து அணுக்களை எண்ணியவன் என்ற உரிமையில், அவர் சொன்னதன் காரணத்தை எழுதுகிறேன்.

ரத்தக் குழாய்களில் இருக்கும் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களில் ஏறக்குறைய பாதி, ஓட்டத்தில் சேராமல் குழாயின் உட்சுவரை ஒட்டியே தங்கியிருக்கும்; ஊசியில் நாம் எடுக்கும் ரத்தத்தில் அவை கணக்கில் வருவதில்லை. ஸ்டீராய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்துவதோடு, எலும்பு மஜ்ஜையில் காத்திருக்கும் அணுக்களையும் வெளியே அனுப்புகிறது. பணிமனையில் நின்ற பேருந்துகளையெல்லாம் சாலைக்கு விட்டது போலத்தான் இது. அதே வேளையில் வெள்ளையணுக்களின் வேறு வகைகளான லிம்போசைட்டுகளும் ஈஸினோஃபில்களும் ரத்தத்தை விட்டு மஜ்ஜை முதலிய இடங்களுக்கு ஒதுங்கிவிடுகின்றன. நீ அனுப்பிய அறிக்கையைப் பார்: நூற்றுக்கு நியூட்ரோஃபில் 84, லிம்போசைட் 12, மோனோசைட் என்ற இன்னொரு வகை 4, ஈஸினோஃபில் சுழியம். கடும் தொற்றில் பெரும்பாலும் தென்படும் முதிராத இளம் நியூட்ரோஃபில்கள் ஸ்லைடில் இல்லை என்றும் அதில் குறித்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு இது மாத்திரையின் கைவரிசையாகவே தெரிகிறது.

நம் அட்ரீனல் சுரப்பியும் இதே வேலையைத் தினமும் சிறிய அளவில் செய்கிறது. விடியற்காலையில் அது சுரக்கும் கார்டிசோல் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் உச்சத்துக்கு ஏறும்போது ரத்தத்தில் லிம்போசைட்டுகள் குறையும். இரவில் அது தணியும்போது கூடும். அணுக்கள் உருவாகும் இடத்திலும் ஹார்மோன்களுக்குக் கை உண்டு. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்கள் பயிலும் தைமஸ் சுரப்பி, பருவமடைந்தபின் வேகமாகச் சுருங்குவதற்குப் பாலியல் ஹார்மோன்களும் ஒரு காரணம். அங்குள்ள முதிராத அணுக்களில் பெருவாரியை மிகுதியான கார்டிசோல் மடியச் செய்துவிடும்.

கர்ப்ப காலத்தில் மூட்டுவாத வலி தணிவதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச், உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் அதற்குக் காரணம் என்று பல ஆண்டுகள் தேடி, 1948-இல் கார்டிசோன் என்ற அட்ரீனல் ஸ்டீராய்டை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1950-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நோயாளியின் சொல்லை அவர் அவ்வளவு பொறுமையாகக் காதில் வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

எண்ணிக்கையைக் கண்டு பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்வரை அட்ரீனல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடங்கியே இருக்கலாம் என்பதால், இருமலோ புண்ணோ சிறுநீர்க் கடுப்போ வந்தால் அன்றே காட்டிவிடுங்கள். அடுத்த முறையும் அதே நேரத்தில் ரத்தம் கொடுக்கச் சொல். மாத்திரையின் பெயரையும் அளவையும் படிவத்தில் எழுதித் தர மறக்க வேண்டாம். புதிய அறிக்கை வந்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பு.

உன் அன்பு நண்பன்,
தேவராஜன்