பதினாறாம் நம்பர்காரிகள்

சன்னிவேல், கலிபோர்னியா
13.3.1998, வெள்ளி

அன்புள்ள கேப்டன்,

திட்டாதே. பொங்கலுக்கு நீ போட்ட கார்டு வந்தது. பதில் போடாமல் இரண்டு மாதம் ஓட்டியதற்குக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும். இங்கே எல்லாரும் நலம். அவருக்கு ஆபீசில் 2000-ஆம் வருஷம் பிறப்பதற்குள் பழைய புரோகிராம்களில் தேதி திருத்துகிற வேலை. ராத்திரி ஒன்பதுக்கு முன்னால் வீட்டுக்கு வருவதில்லை. சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், பெரியவன் பேச்சை நிறுத்துவதாக இல்லை. பிப்ரவரி முழுக்க எல் நினோ மழை, துணி காயவே இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் அன்றைக்கு நீ போய்க் கூடவே உட்கார்ந்திருந்ததாக அண்ணன் எழுதியிருந்தான். நன்றி சொன்னால் உதைப்பாய், அதனால் சொல்லவில்லை. நெட்டையின் கல்யாணப் போட்டோ கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் போட்டோக்காரனால் அவள் தலையைப் படத்துக்குள் கொண்டுவர முடியவில்லை பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளை இரவு ஒரு மேட்ச். ஸ்டான்ஃபோர்டுக்கும் ஹார்வர்டுக்கும். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து, தேசிய அளவிலான போட்டியின் முதல் சுற்று. டிக்கெட் வாங்கிவிட்டேன். "யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்த ஆட்டத்துக்கு யாராவது காசு கொடுப்பார்களா?" என்று வீட்டில் கேட்கிறார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. நான் நினைக்கவில்லை. இங்கே அதைச் சொல்லி அடித்துப் பேச ஆளில்லாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

இங்கே எப்படியென்றால், நாடு முழுக்க 64 டீம்களைத் தேர்ந்தெடுத்து நாலு மண்டலமாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் ஒன்றிலிருந்து பதினாறு வரை நம்பர் போடுவார்கள். ஒன்றாம் நம்பர் பதினாறாம் நம்பரோடு ஆடவேண்டும், அதுவும் ஒன்றாம் நம்பரின் சொந்த கோர்ட்டிலேயே. மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ப் பெண்ணைக் காட்டிவிட்டு வருவது போல. 64 டீம் முறை பெண்களுக்கு வந்தது 1994-இல். நாலு வருஷம், வருஷத்துக்கு நாலு ஆட்டம், ஆக மொத்தம் பதினாறு ஆட்டம். பதினாறிலும் பதினாறாம் நம்பர் தோற்றிருக்கிறது. ஆண்கள் பக்கம் 1985-லிருந்து இதே முறைதான், அங்கேயும் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

நாளைக்கு ஒன்றாம் நம்பர் ஸ்டான்ஃபோர்டு. என் டீம்தான், மறைக்கவில்லை. வந்த புதிதில் யாரையும் தெரியாமல் தனியாகக் கிடந்தபோது ஒரு நாள் சும்மா உள்ளே நுழைந்தேன். மேப்பிள்ஸ் பவிலியன் என்று பெயர். நீ பார்க்கவேண்டும், பலகைத் தரை அப்படியே ஸ்பிரிங் மாதிரி துள்ளும். கூட்டம் குதித்தால் நாம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் சேர்ந்து குதிக்கும். நாம் முட்டி தேய்த்த சிமென்ட் கோர்ட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே மரம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு பைத்தியம் ஆடும், அதுதான் அவர்கள் பேண்டின் சின்னம். நம் டியூப்லைட்டுக்கு அந்த வேஷம் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

அந்தத் தரையில் ஸ்டான்ஃபோர்டு வரிசையாக 59 ஆட்டம் தோற்கவில்லை. ஐம்பத்தொன்பது! டாரா வான்டர்வீர் என்ற அம்மாள்தான் கோச். 1990-லும் 92-லும் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் தங்கம் வாங்கியபோதும் இவர்தான் கோச். நான் பார்த்தவரை குரலை உயர்த்தியதே இல்லை. நம் பி.டி. மேடம் விசில் அடித்தே காதைச் செவிடாக்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எதிரில் ஹார்வர்டு. படிக்கிற பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரு மாதிரி இளக்காரமாகச் சொல்கிறார்கள். அவர்கள் ஆடுகிற எட்டுக் கல்லூரி லீகில், ஐவி லீக் என்று பெயர், விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஒரு பைசா கிடையாது. அதனால் அவர்களுக்கு ஆடத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வருஷம் அவர்கள் லீகில் 14-க்கு 12 ஜெயித்து முதலிடம் பிடித்திருக்கிறார்கள். மொத்தத்தில் 22 வெற்றி, 4 தோல்வி. இந்தக் கணக்குக்குப் பதினாறாம் நம்பர் கொடுப்பது அவமானம் இல்லையா? போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும் வந்து முதல் சுற்றிலேயே தோற்றுப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் தொடர்ந்து மூன்றாவது வருஷமாக வருகிறவளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும். நம் டீமே அதற்குச் சாட்சி. முதல் வருஷம் மதுரையில் நீ வாந்தி எடுத்தாய், மூன்றாம் வருஷம் அதே இடத்தில் எதிர் டீமின் முறுக்கை எடுத்துத் தின்றாய்.

இப்போது அலிசன் ஃபீஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும், தள்ளிப்போட முடியாது. ஹார்வர்டின் ஃபார்வர்டு, கடைசி வருஷம். தெற்குக் கரோலினாவில் செஸ்டர் என்ற சின்ன ஊர்ப் பெண். ஆட்டத்துக்குச் சராசரி 28 புள்ளிக்கு மேல் போடுகிறாள். நாட்டிலேயே, எந்தப் பெரிய கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், இவளைவிட அதிகம் போடுகிறவள் இந்த வருஷம் இல்லை. உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. உள்ளே போய் முதுகைக் காட்டி நின்று திரும்பிப் போடுவாள், வெளியே வந்து மூன்று புள்ளிக் கோட்டிலிருந்தும் போடுவாள். உயரமானவளை நிறுத்தினால் வெளியே இழுத்துக்கொண்டு வந்து ஓடவிடுவாள், வேகமானவளை நிறுத்தினால் உள்ளே கூட்டிக்கொண்டு போய் முழங்கையால் இடம் பிடிப்பாள். இரண்டு பேரைப் போட்டு மறித்தால்? அங்கேதான் சூஸி மில்லர் என்ற ஒருத்தி ஓரத்தில் காலியாக நிற்பாள். நாட்டின் நம்பர் ஒன் புள்ளிக்காரி இருக்கும் டீமுக்குக் கடைசி நம்பர். அந்தக் கமிட்டியில் நம் வார்டன் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ.

(உனக்குப் பொறாமையாக இருக்கட்டும் என்று ஒன்று சொல்கிறேன். இங்கே பெண்களுக்குப் பந்து ஆண்களுடையதைவிட ஓர் அங்குலம் சுற்றளவு குறைவு. பத்து வருஷத்துக்கு மேலாகவே அப்படித்தானாம். நாமானால் பையன்கள் போட்ட பழைய பந்தை, அதுவும் காற்றுப் போனதை, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினோம். பந்தைக் கூடைக்கு எறிய வைத்திருக்கும் கெடு, அந்த ஷாட் கிளாக் மட்டும், நம்மைப் போலவே 30 விநாடி.)

இவ்வளவு சொன்ன பிறகும், சாதாரண நாளாக இருந்தால் ஸ்டான்ஃபோர்டுக்கு இருபது புள்ளி வித்தியாசம் என்றுதான் நானும் எழுதியிருப்பேன். நாளைக்குச் சாதாரண நாள் இல்லை, கேப்டன்.

ஸ்டான்ஃபோர்டில் இரண்டு முழங்கால் போய்விட்டது. ஒரே வாரத்துக்குள். வனெஸா நைகார்டு என்று ஃபார்வர்டு, வெளியிலிருந்து நன்றாகப் போடுவாள். லீகின் கடைசியில் அவளுக்கு. அதை ஜீரணிப்பதற்குள் இந்த வாரம் பயிற்சியில் கிறிஸ்டின் ஃபோக்லுக்கு. ஃபோக்ல் யார் தெரியுமா? டிசம்பரில் தேசிய வாலிபால் பட்டம் வாங்கிய ஸ்டான்ஃபோர்டு டீமிலும் அவள்தான் முக்கியமானவள். அந்த வலையைக் கழற்றிவிட்டு இந்தக் கூடைக்கு வந்தாள். கூடையில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுக்கு அவள் எழும்பினால் மற்றவர்கள் தரையிலேயே நின்று பார்க்கவேண்டியதுதான். இருவருக்கும் ஒரே இடம், முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடுகிற ஒரு தசைநார். கிழிந்துவிட்டது. இருவருக்கும் ஆபரேஷன் வேண்டும், இந்த வருஷம் முடிந்தது.

பேப்பரில் அந்தப் பத்தியைப் படித்தபோது காபி ஆறிப்போனது. கிழியும்போது "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும் என்று எழுதியிருந்தான்.

நீ சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? தரையில் கிடந்துகொண்டு, "உள்ளே டப்னு கேட்டுச்சுடி" என்றாய். யாருமே நம்பவில்லை. சுளுக்கு என்றார்கள். எண்ணெய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள், மூன்று வாரத்தில் ஓடலாம் என்றார்கள். பதினான்கு வருஷம் ஆகிறது, நீ படி இறங்கும்போது இன்னும் கைப்பிடியைத் தேடுகிறாய் என்று அண்ணன் எழுதுகிறான்.

அந்தப் பாஸ் நான் போட்டது. இதை நாம் ஒருநாளும் பேசியதில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. உன் இடது பக்கம் போட்டிருக்க வேண்டும், நான் பின்னால் போட்டேன். ஏன் அப்படிப் போட்டேன் என்றால், ஃபாஸ்ட் பிரேக்கில் நீ ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே கை போன போக்கில் போட்டேன். நீ காற்றில் திரும்பி அதைப் பிடித்தாய், பிடித்தேவிட்டாய், ஒற்றைக் காலில் இறங்கினாய். இப்போது படித்துத் தெரிந்துகொண்டதில், கல்லூரிக் கூடைப்பந்தில் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாம். முக்கால்வாசி யாரும் இடிக்காமலே வருகிறதாம், திரும்பும்போதும் இறங்கும்போதும். அதனால் என் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக மனதில் கிடக்கிறது, சொல்லிவிட்டேன். போனில் இதைச் சொல்ல என்னால் முடியாது. உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காவது, குதித்தால் இரண்டு காலிலும் முட்டியை மடக்கி இறங்கச் சொல்லிக்கொடு.

இப்போது ஏன் ஹார்வர்டு ஜெயிக்கும் என்கிறேன் என்று கேள். அன்றைக்கு நீ வெளியே போனபோது நாம் ஆறு புள்ளி முன்னால் இருந்தோம், எட்டு நிமிஷம் பாக்கி. ஒன்பது புள்ளியில் தோற்றோம். எல்லாரும் சொன்னார்கள், "கேப்டன் போனதால் பாஸ்கெட் போட ஆளில்லை" என்று. அது இல்லை. நெட்டை நன்றாகத்தான் போட்டாள். எனக்குப் பந்து கையில் வந்ததும் கண் தானாக வலது மூலைக்குப் போகும், நீ அங்கே இருப்பாய் என்று. இல்லை. அந்த அரை விநாடி. ஒவ்வொரு தடவையும் அந்த அரை விநாடி, எனக்கு மட்டுமல்ல, நாலு பேருக்கும். அதற்குள் எதிராளி வந்து முன்னால் நின்றுவிடுவாள். அஞ்சில் ஒன்றை இழந்தோம் என்று கணக்குப் போடுவார்கள், நாங்கள் அஞ்சு பேருமே இல்லாமல் ஆடினோம்.

ஸ்டான்ஃபோர்டில் மிச்சம் இருப்பவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. ஒலிம்பியா ஸ்காட் உள்ளே நின்றால் ஹார்வர்டுக்கு அவளை மறிக்க உடம்பு போதாது. மிலேனா ஃப்ளோரஸ் பந்தை நன்றாக நகர்த்துவாள். ஆனால் போன வாரம் வரை ரீபவுண்டை ஃபோக்ல் எடுப்பாள் என்று நம்பித்தான் ஒருத்தி திரும்பி ஓட ஆரம்பித்திருப்பாள், நைகார்டு ஓரத்தில் நிற்கிறாள் என்று நம்பித்தான் இன்னொருத்தி பார்க்காமலே பந்தை வீசியிருப்பாள். கைக்குப் பழகிப்போனதை இரண்டு மூன்று நாளில் எந்தக் கோச்சும் மாற்ற முடியாது. அந்த ஒன்றாம் நம்பர் முழு டீமுக்குக் கொடுத்தது. நாளைக்கு இறங்கப்போவது வேறு டீம், சட்டை மட்டும் அதே சட்டை.

ஹார்வர்டு கோச் கேத்தி டிலேனி-ஸ்மித் 1982-லிருந்து அதே இடத்தில் இருக்கிறார். இந்த அரை விநாடி அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆரம்பத்திலேயே ஃபீஸ்டரைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டின் பெரியவர்களை ஃபவுலில் மாட்டவைக்கப் பார்ப்பார் என்பது என் ஊகம். பெஞ்சில் ஆள் குறைவு, இரண்டு ஃபவுல் விழுந்தாலே கை நடுங்கும். முதல் பத்து நிமிஷம் ஹார்வர்டு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், அந்த மேப்பிள்ஸ் கூட்டம் அமைதியாகிவிடும். 59 ஆட்டமாகத் தோல்வியைப் பார்க்காதவர்களுக்கு, நெருக்கமான ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்றே மறந்திருக்கும்.

பத்துக்கு நாலு என்பேன். ஊரே பூஜ்யம் என்கிறபோது நாலு சின்ன எண்ணா?

ஆனால் யாருக்குக் கைதட்டுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று வருஷமாக என்னைத் தாங்கிய டீம் தோற்கவேண்டும் என்று நினைத்தால் துரோகி மாதிரி இருக்கிறது. அதுவும் இரண்டு பிள்ளைகளின் முழங்கால் போனதால் வருகிற வெற்றி என்று எல்லாரும் சொல்வார்கள், ஃபீஸ்டர் எத்தனை போட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நம்மைத் தோற்கடித்த அந்தச் சென்னைப் பெண்கள் கோப்பையைத் தூக்கியபோது நான் அப்படித்தானே சொன்னேன். அவர்களும் நன்றாகத்தான் ஆடினார்கள், கேப்டன். அந்த ஏழாம் நம்பர் ஞாபகம் இருக்கிறதா, கடைசியில் உன்னிடம் வந்து தண்ணீர் கொடுத்தாளே. நான் அவளை முறைத்தேன்.

பந்தயம் வைக்கலாமா? ஹார்வர்டு ஜெயித்தால் நீ லீவு போட்டு ஒரு நல்ல எலும்பு டாக்டரிடம் காலைக் காட்டவேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஜெயித்தால் ஜூனில் வரும்போது நீ கேட்ட ஷூ, இரண்டு ஜோடி. இந்தக் கடிதம் வர பத்து நாளாகும், அதற்குள் நானே போன் போட்டு ஸ்கோர் சொல்லிவிடுவேன். பிறகு வந்து, "ஆட்டம் முடிந்ததும் எழுதியதுதானே" என்று நீ தப்பிக்கக் கூடாது. இங்கே வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றாம் தேதியும் சேர்ந்தால் ஆகாதாம், பக்கத்து வீட்டம்மா கார்கூட எடுக்கவில்லை. நமக்கு வெள்ளி நல்ல நாள்தானே. போஸ்ட் ஆபீஸ் மூட இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, ஓடுகிறேன். கவரின் மேல் முத்திரையில் தேதி இருக்கும், பார்த்துக்கொள்.

உன்
எட்டாம் நம்பர்

பி.கு.: ஷூ சைஸ் ஆறா, ஏழா? எழுது. அதற்காகப் பந்தயத்தில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை.