மேட்டை வெட்டாத மச்சான்

அன்புள்ள மச்சான்,

ரொம்ப நாளா எழுதல, கோவிச்சுக்காத. வீட்ல எல்லாரும் சுகம். சின்னவ ஓ.எல். பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கா. கட்டையனுக்கு ஒருவழியா கல்யாணம் சரியாயிடுச்சு, பொண்ணு பொகவந்தலாவ. போன தடவ மாதிரி கடைசி பஸ்ஸ விட்டுட்டேன்னு இந்த முறையும் சொன்னா அவன் உன்னோட பேசவே மாட்டான்.

இப்ப எழுதுறது வேற விஷயத்துக்கு. நேத்து அம்மாவப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால மேட்டோட அடியில சுண்ணாம்புக் கோடு, நாலு மூலையிலயும் கம்பு. "தம்பி விறகு, சாமான் வைக்க ஷெட் ஒண்ணு அடிக்கப் போறான், அடுத்த கிழமை மண்ணு வெட்ட பெக்கோ மெஷின் வருது"ன்னு உன்னப் பத்தி சந்தோஷமா சொல்றாங்க. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு மச்சான். அந்த மேடு ரெண்டாள் உயரம். அடிய செங்குத்தா வெட்டிட்டா மேல இருக்குற மண்ண எது தாங்கும்? மேல ஏறிப் பார்த்தேன். டர்பன்டைன் மரம் ரெண்டும் அடியில பள்ளத்துப் பக்கம் வளைஞ்சு, அப்புறமா நிமிர்ந்து நிக்குது. மண்ணு மெல்ல மெல்ல இறங்குற எடத்துல மரம் அப்படித்தான் வளரும். மழை விட்டு எத்தனையோ நாளாச்சு, உன் கோட்டுக்குள்ள ஒரு மூலை இன்னும் சொதசொதன்னு கிடக்கு. கால வச்சா தண்ணி ஊறுது.

இன்னைக்குக் காலையில பிரதேச சபைக்கே போய்க் கேட்டுட்டு வந்தேன். ஷெட்தானே, இதுக்கெல்லாமா அனுமதின்னு நீ சொல்லுவ, தெரியும். 1915ஆம் வருஷத்து வீடமைப்புக் கட்டளைச் சட்டத்துலயே குடிசை, கொட்டகை, கூரை போட்ட அடைப்பு எல்லாமே கட்டடம்தான், ஆள் குடியிருந்தாலும் இல்லாட்டியும். அதனால பிளான் குடுக்கணும், அனுமதி எடுக்கணும். நம்ம மலைநாட்டு மாவட்டங்கள்ல அதுக்கு முன்னால இன்னொண்ணும் இருக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டு, மண்சரிவு அபாயம் இருக்கான்னு அவங்க வந்து பார்த்துச் சிபாரிசு தரணும். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி குடுக்கும்போதே பார்த்தாங்களேன்னு அம்மா சொல்றாங்க. பார்த்தது வீடு நிக்கிற எடத்துக்கு. பின்னால மேட்டை வெட்டலாம்னு யாரும் சொல்லல.

மண்சரிவுல லயம் புதைஞ்ச மீரியபெத்தைத் தோட்டத்த மறந்துட்டியா? 2014 ஒக்டோபர் 29, காலையில புள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்புற நேரம். அந்த எடத்துக்கு 2005லயும் 2011லயும் இதே நிறுவனம் எச்சரிக்கை குடுத்திருந்துச்சு. ஆனாலும் லயத்து சனம் அங்கயேதான் இருந்துச்சு. வேற எடம் குடுத்தாத்தானே போவாங்க? அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆறமாட்டேங்குது.

காணி உறுதிப் பத்திர விஷயத்துலயும் அதே எரிச்சல்தான். விண்ணப்பத்தோட காணி உறுதி கேட்கிறாங்க. அம்மாவுக்கு இன்னும் அது கைக்கு வரல. தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 1992லருந்து கொம்பனிங்க கையில. தாத்தா காலத்துலருந்து அந்த மண்ண மிதிச்சவங்க, சொந்த வீட்டுப் பின்னால நாலு தகரம் அடிக்கத் தோட்டத்து ஆபீஸ்ல கடுதாசிக்கு நிக்கணும். 2018ல பிரதேச சபைச் சட்டத்தோட 33ஆம் பிரிவத் திருத்துற வரைக்கும் தோட்டத்துக்குள்ள செலவழிக்கப் பிரதேச சபைக்கே கை கட்டித்தான் இருந்துச்சு. இது அநியாயம், எவன் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அந்தக் கோவத்துல, "என்ன அனுமதி, வெட்டுடா"ன்னு நீ இறங்கினா, அந்த மண்ணுக்குக் கீழ படுத்துத் தூங்குறது அம்மா.

ஒரு வழி இருக்கு. வீட்டுக்கு வலப்பக்கம், கழிவறைக் குழியத் தாண்டி, சமதரை கிடக்கு. எட்டுக்குப் பத்தடி தாராளமா வரும். மேட்டத் தொட வேண்டியதே இல்ல. அதுக்கும் அனுமதி எடுக்கணும்தான், ஆனா மண்ணு வெட்டாத வேலைன்னா பார்க்க வர்றவங்களுக்கும் சொல்லுறதுக்கு லேசு. கூரைத் தண்ணிய பீலி வச்சு கானுக்கு இறக்கிடு, மேட்டுப் பக்கம் விழ விட்டுடாத.

பெக்கோக்காரனுக்கு இன்னைக்கே போன் போட்டு நிப்பாட்டு. புதன்கிழமை லீவு போட்டுட்டு வா, வீடு குடுத்தப்ப தந்த கடுதாசி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா. தோட்டத்து ஆபீஸுக்கு நானும் வர்றேன். அதுக்குள்ள மழை பிடிச்சா ரேடியோவக் கவனிக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். ஒரு நாளைக்கு 75 மில்லிமீட்டர் தாண்டினா மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை, 100 தாண்டினா செம்மஞ்சள், 150 தாண்டினா சிவப்பு, வீட்ட விட்டு வெளியேறணும். நான் மஞ்சளுக்கே வந்து கூட்டிக்கிட்டு வந்துடுவேன், சாவி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்