செவிலியர் அறிந்த நலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நோயின்மை மட்டுமே நலமாகாது. உடல், மனம், சமூகம் சார்ந்த முழு நல்வாழ்வே நலம் என்கிறது 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனம். உசிலம்பட்டி வட்டாரச் சிற்றூர்களில் வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இதைத் தம் பணியிலேயே கண்டுணர்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்த பின்பும், காலில் புண் வந்துவிடுமோ என்று அஞ்சி வாசற்படி தாண்டாத மூதாட்டியை நலமடைந்தவராக அவர்கள் கருதுவதில்லை. ரேஷன் கடைக்குத் தாமே நடந்து போகிறாரா, அக்கம்பக்கத்தாரோடு பேசுகிறாரா, இரவில் உறங்குகிறாரா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டறிகிறார்கள். என் தாயார் தேறியதில் மாத்திரைக்கு இணையான பங்கு இந்த விசாரிப்புக்கும் உண்டு என்றே உறுதியாக நம்புகிறேன். இவ்வாறு அமர்ந்து பேசும் நேரத்தையும் செவிலியர் பணியாகவே கணக்கிட்டு, அதற்கேற்பக் கூடுதல் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும்.

வாசகர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.