‘ஹேஸ்’ மேலே ஒரு சிவப்புக் கோடு

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

என் மகள் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் இங்கிலீஷ் கிராமர் பரீட்சைத் தாளை நீட்டினாள். ‘ஷீ ஹேஸ் எ சைக்கிள்’ என்பதில் மெயின் வெர்ப் எது என்ற கேள்விக்கு ‘ஹேஸ்’ என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ‘ஹேஸ் ஹெல்பிங் வெர்ப்’ என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் வேறு வெர்ப்பே இல்லையே, அது யாருக்குத்தான் ஹெல்ப் பண்ணுகிறதாம்?

கோளாறு நோட்ஸில் இருக்கிறது. ‘ஆம், இஸ், ஆர்’ என்று ஆரம்பித்து 23 சொற்களை ஹெல்பிங் வெர்ப் என்றே மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதில் கேன், மஸ்ட், ஷுட் மாதிரி 9 மோடல்கள் துணைக்குத்தான் வரும், தகராறில்லை. பி, ஹேவ், டூ குடும்பம் அப்படியில்லை, ரெண்டு வேலையும் பார்க்கும். ‘ஷீ ஹேஸ் பாட் எ சைக்கிள்’ என்றால் ‘பாட்’ மெயின், ‘ஹேஸ்’ துணை.

இது நமக்கென்ன புதுசா? எங்கள் அம்மா பேத்தியிடம் ‘அம்மிணி, தட்டுல சோத்தைப் போடு’ என்பார், அப்புறம் ‘சாப்ட்டுப்போட்டு வா’ என்பார். முதல் ‘போடு’ நிஜமாகவே போடுவது, அடுத்ததில் யாரும் எதையும் போடவில்லை, சாப்பிட்டு முடித்துவிட்டு வா, அவ்வளவுதான். முதல்வினை, துணைவினை என்று தமிழ் வகுப்பில் படித்தது இதைத்தானே. என்ன, நம்முடைய துணை பின்னால் வரும், இங்கிலீஷில் முன்னால் வரும். இப்படிச் சொன்னதும் மகள் டக்கென்று பிடித்துக்கொண்டாள். ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தப்பு என்பதும் அப்படியே: டிட் வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்கிறது, வென்ட் மறுபடி கோ ஆகிவிடும்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருத்தன், சரக்கு அனுப்பியாச்சு என்று சொல்ல நினைத்து, சரக்கு வாங்குகிற பையருக்கு ‘வீ ஹேவ் டு ஷிப்’ என்று மெயில் தட்டிவிட்டான். ‘ஹேவ் ஷிப்ட்’ என்று வந்திருக்க வேண்டும். அவன் எழுதியதற்கு இனிமேல்தான் அனுப்பணும் என்று அர்த்தம். சரக்கோ தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டது, பையர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டுக் கத்துகிறார். அவனும் அந்த 23-ஐயும் கடகடவென்று ஒப்பிப்பவன்தான்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பி, ஹேவ், டூ மூன்றுக்கும் ரெண்டு ரெண்டு வாக்கியம் போட்டுக் காட்டுங்கள். நானே போய் மிஸ்ஸிடம் பேசுகிறேன் என்றால் மகள் விடமாட்டேன் என்கிறாள், பேப்பரில் வந்தால் கொண்டுபோய்க் காட்டிக்கொள்வாளாம்.

ஒரு வாசகர்,
திருப்பூர்