பாட்டு மோசமா, சத்தம் மோசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய சினிமாப் பாட்டின் தரம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையும், அதையொட்டி வந்த வாசகர் கருத்துகளும் ஒரே கட்சியாகவே இருக்கின்றன: அந்தக் காலத்துப் பாட்டு தேன், இந்தக் காலத்துப் பாட்டு இரைச்சல். இரைச்சல் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த இரைச்சல் மெட்டிலிருந்து வருகிறதா, மெட்டெல்லாம் முடிந்து பாட்டு ஸ்டூடியோவை விட்டு வெளியேறும் கடைசிக் கட்டத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு பழைய விஷயம். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டென்றால் ஆகாது. தரம் தாழ்ந்தது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் அது குறைந்து, பிறகு நின்றே போனது. ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகுதான் சினிமாப் பாட்டு அரசு வானொலிக்குள் மறுபடி மரியாதையாக நுழைந்தது. அன்றைக்கு வாசலில் நிறுத்தப்பட்ட அதே ஐம்பதுகளின் பாட்டைத்தான் இன்று பொற்காலம் என்கிறோம்.

இன்னொன்று, சலித்து எடுத்த அரிசியையும் நேற்று களத்தில் அடித்துக் குவித்த நெல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். 1934இல் வந்த பவளக்கொடியில் ஐம்பது பாட்டு இருந்ததாகச் சொல்வார்கள். அதில் எத்தனை பாட்டின் முதல் அடி இன்று நம் வாயில் வரும்? அறுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்ததில் பெரும்பகுதி உமியாகப் பறந்துவிட்டது. இந்த ஆண்டு வந்தவை இன்னும் முறத்தில்கூட விழவில்லை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். மாஸ்டரிங் என்பது மிக்ஸிங் (குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது) முடிந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் வேலை. டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் இடம் கிடையாது. கூரையில் போய் இடிப்பது பெரும்பாலும் தாளத்தின் முதல் அடிதான்: மிருதங்கத்தின் தொப்பியில் விழும் 'தொம்', தவிலில் குச்சி படும் நொடி, டிரம்ஸின் கிக். குரலும் வயலினும் அதற்குக் கீழே சாவகாசமாக இருக்கும். லிமிட்டர் என்ற கருவி இந்த முனைகளை மழித்துவிடுகிறது. முனை போனதும் தலைக்கு மேல் இடம் கிடைக்கும். மொத்தப் பாட்டையும் அந்த அளவுக்கு மேலே தூக்கலாம்.

2, 3 டெசிபல் மழித்தால் யாருக்கும் தெரியாது. 8, 10 என்று போகும்போது 'தொம்' என்பது 'தப்' ஆகிவிடும். லிமிட்டர் தன் பிடியைத் தளர்த்தும் நேரத்தை மிகவும் குறுக்கினால் பேஸ் (அடித்தள ஒலி) கரகரக்கும். நீட்டிவிட்டால் ஒவ்வொரு கிக்குக்கும் குரல் அமுங்கி அமுங்கி எழும். நான்கு பாட்டு கேட்டதும் தலை வலிக்கிறது என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தாரே, மெட்டை விட இதற்குத்தான் அதில் பங்கு அதிகம். மூச்சுவிட ஓர் இடம்கூட இல்லாமல் பல்லவி, சரணம், பிஜிஎம் எல்லாம் ஒரே உயரத்தில் ஓடினால் காது களைத்துப்போகும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால் சற்றே சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். 1 டெசிபல் வித்தியாசமே போதும். காது அதைச் சத்தம் என்று கண்டுகொள்ளாது, 'தெளிவு' என்று நினைத்துக்கொள்ளும். அடுத்தவன் பாட்டை விட என் பாட்டு கீழே கேட்கக் கூடாது என்ற பயத்தில் ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். இதில் பெரிய வேடிக்கை, இன்று அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தைப் பாட்டு முழுக்கச் சராசரியாக அளக்கும் அலகு இது). -7க்கு அடித்துக் கொடுத்த பாட்டை அது 7 டெசிபல் இறக்கிவிடும். சத்தமும் போச்சு, மழித்த முனையும் திரும்பாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் பழைய சிடியிலிருந்து எடுங்கள், செயலியிலிருந்து வேண்டாம். புதுப் பாட்டு ஒன்றையும் எடுத்து இரண்டையும் தனித்தனி டிராக்காக ஏற்றுங்கள். எஃபெக்ட் பட்டியலில் லவுட்னெஸ் நார்மலைசேஷனுக்குப் போய், ஒவ்வொன்றையும் -23 எல்யூஎஃப்எஸுக்கு வையுங்கள். அங்கே 'மோனோவை இரட்டை மோனோவாகக் கருது' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒற்றைத் தட மோனோ பாட்டு 3 டெசிபல் கூடுதலாக ஒலித்து, காசு சுண்டுவதற்கு முன்பே பழைய பாட்டு ஜெயித்துவிடும். இப்போது அலைவடிவத்தைப் பாருங்கள். சராசரிச் சத்தம் -8இல் இருந்த புதுப் பாட்டின், கூரையைத் தொட்டிருந்த உச்சம் -15க்கு இறங்கி, வழித்துவிட்ட சுவர் மாதிரி நிற்கும். சராசரி -18இல் இருந்த பழையதின் உச்சம் -5 பக்கம் இருக்கும். முள் முள்ளாகத் தெரியும். பிறகு வேறொருவரைப் போடச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. யூடியூபில் கிடைக்கும் பழைய பாட்டுகளை இந்தச் சோதனைக்கு நம்ப முடியாது. பல, கேசட்டிலிருந்து ஏற்றியவை. நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். பாடியவர் குரலே வேறாள் குரலாகிவிடும். 'ரீமாஸ்டர்' என்று போட்டவற்றில் பழைய பாட்டையே புது லிமிட்டரால் நசுக்கியவையும் உண்டு.

குரல் திருத்தம் இன்னொரு தலைவலி. எண்ணெய்த் தேடலில் நிலஅதிர்வுத் தரவை அலசிக்கொண்டிருந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதே கணிதத்தை வைத்து, சுருதி விலகலைத் திருத்தும் ஆட்டோ-டியூனை 1997இல் கொண்டுவந்தார். கருவியில் குற்றமில்லை. பன்னிரண்டு சுரத்தையும் திறந்து வைத்து, திருத்தும் வேகத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் (அதாவது, உடனுக்குடன் இழுத்துப் பிடிக்கும்படி) வைப்பதில்தான் வினை. தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கிற சுரமே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பது. மென்பொருளுக்கு அந்த ஆட்டமெல்லாம் பிழை. ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திப் படிக்கட்டாக்கிவிடும். வேகத்தைத் தளர்த்தலாம், கமகம் (சுரத்தின் அசைவு) வரும் இடங்களில் கருவியை அணைத்துவிடலாம், மெலடைன் போன்ற திருத்தும் மென்பொருளில் சுரம் சுரமாகத் தொட்டு, விலகலை மட்டும் சரிசெய்து அசைவை அப்படியே விடலாம். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். நாளை காலை வெளியீடு என்றால் யார் உட்கார்ந்து செய்வது?

'வார்த்தையே புரியவில்லை' என்ற புகாருக்கும் கவிஞரைத் திட்டுவது வீண். சொல்லைச் சொல்லாகக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. கைத்தட்டல் சாம்பிள், ஸ்நேர், ஹை-ஹாட், சின்த் எல்லாம் முட்டிமோதுவதும் அங்கேதான். போதாததற்கு, போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது என்பதால் அதைச் சற்று உடைத்து மேல் அதிர்வெண்களிலும் தெரியவைக்கிறார்கள். அதுவும் குரலின் இடத்தில் வந்து குந்திக்கொள்கிறது. அந்நாளில் ஒன்றிரண்டு மைக்கோடு மோனோவில் பதிந்தபோது பாடகர் மைக்கை ஒட்டி நிற்பார், மற்றவர்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள். குரல் தானாகவே முன்னால் வந்துவிடும். அதற்காக அந்தப் பதிவுகள் அப்பழுக்கற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. உச்சஸ்தாயியில் குரல் பிளப்பதும், பேஸ் இருப்பதே தெரியாததும் அவற்றின் குறைகள்தான்.

ஆனால் ஓரிடத்தில் பழைய கட்சியோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். பாட்டின் உடம்பு சுருங்கிவிட்டது. பல பாட்டுகளில் இரண்டாம் சரணத்தைக் காணோம்; முதல் சரணத்துக்கு முன் ஒன்று, இரண்டாவதுக்கு முன் வேறொன்று என்று இளையராஜா தனித்தனியாகக் கட்டிய இடையிசைக்கு இன்று இடமே இல்லை. செயலியில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. அதனால் முகப்பிசையைக் கத்தரித்து, கவர்ச்சியான வரியைத் தூக்கி முன்னால் போடுகிறார்கள். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம்தான் என்பதால் அன்றும் பாட்டை வெட்டினார்கள், உண்மைதான். ஆனால் அந்த மூன்று நிமிடத்துக்குள் பல்லவி கிளம்பி, சுற்றி, வீடு திரும்ப வழி இருந்தது. ரீல்ஸுக்காகப் பதினைந்து விநாடியைச் செதுக்கிவிட்டு மீதியை லூப்பால் நிரப்புவது அதோடு சேர்த்தியில்லை.

பாட்டு மோசமாகிவிட்டது என்று ஆய்விலேயே முடிவாகிவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேற்கத்தியப் பாட்டில் 1955 முதல் 2010 வரையிலான நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை அலசி 2012இல் வந்த ஆய்வு, சத்தம் கூடியது, ஒலிநிற (ஒரு வாத்தியத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்தும் ஒலித்தன்மை) வகைகள் குறைந்தன என்றது. அமெரிக்கத் தரவரிசையில் இடம்பெற்ற சுமார் 17,000 பாட்டுகளை வைத்து 2015இல் வந்த இன்னோர் ஆய்வோ, தொடர்ந்து ஒரேமாதிரி ஆகிக்கொண்டே போவதாகத் தெரியவில்லை என்றது. அவர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. இசை விமர்சனப் பக்கத்தில், விமர்சகர் பாட்டை எதில் கேட்டார், சிடியா, செயலியா, யூடியூபா என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். பழைய பாட்டோடு ஒப்பிட்டிருந்தால், அது எந்தப் பதிப்பு என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வடபழனி, சென்னை.