பதிவர் மாநாட்டுக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இணையத்தில் எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் கூடும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலை அனுப்பியிருந்தாய், முழுவதும் படித்தேன். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும் என்று போட்டிருக்கிறார்கள். நீயோ காலை முதல் மாலை வரை ஒவ்வொரு மணிக்கும் ஓர் உரையைத் தேர்ந்து, சாப்பாட்டு வேளையைக்கூட விட்டுவைக்காமல் வண்ணம் தீட்டி வைத்திருக்கிறாய். உன் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களில் பாதியைக் காலி செய்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இணையத்தில் ஒரு வரியும் எழுதியவள் அல்ல. தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவள். இருந்தாலும் தொழில் மாநாடுகள் எனக்குப் பழக்கமானவை. மேடையில் பேசப்படுவது பெரும்பாலும் நடந்து முடிந்து, மெருகேற்றப்பட்டு, பல ஊர்களில் பேசிப் பழகிய விஷயம். முடிவு தெரியாமல் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயங்களை மனிதர்கள் தாழ்வாரத்தில் நின்றுதான் பேசுவார்கள். ஹாரிசன் ஓவன் என்பவர் 1980-களில் பெரும்பாடுபட்டு ஒரு மாநாட்டை நடத்தி முடித்தபோது, வந்தவர்கள் எல்லாரும் காப்பி இடைவேளைகளையே மிகவும் பாராட்டினார்களாம். அவர் வருத்தப்படாமல், அந்த இடைவேளையையே கூட்டத்தின் வடிவமாக மாற்றிப் பார்த்தார். கற்கவோ கொடுக்கவோ ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து எழுந்து வேறு இடத்துக்கு நடந்துவிட வேண்டும் என்பது அந்த முறையின் ஒரே சட்டம். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக ஓர் உரையில் கடைசி வரை உட்கார்ந்திருக்கும் பழக்கம் உனக்கு உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

உங்கள் உலகத்திலும் தொடக்கம் அப்படித்தான் இருந்திருக்கிறது. வலைப்பதிவு முன்னோடிகளில் ஒருவரான டேவ் வைனர் 2003-இல் ஹார்வர்டில் தொடங்கிய பிளாகர்கான் என்னும் கூட்டம், பேச்சாளர் வேறு பார்வையாளர் வேறு என்ற பிரிவையே விரைவில் கைவிட்டு, அறையில் இருந்த அனைவரையும் பேச வைத்தது. பெண் பதிவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி அடிக்கடி எழுந்த நாட்களில், மூன்று பெண்கள் சேர்ந்து 2005-இல் கலிஃபோர்னியாவில் பிளாக்ஹெர் மாநாட்டைக் கூட்டி, இதோ இங்கே இருக்கிறோம் என்று காட்டினார்கள். ஹேங்க் கிரீன், ஜான் கிரீன் என்ற சகோதரர்கள் யூடியூபர்களுக்காக 2010-இல் தொடங்கிய விட்கான், 2018-இல் வயாகாம் என்ற ஊடக நிறுவனத்தின் கைக்குப் போனது. அதைத் தவறென்று சொல்ல வரவில்லை. அரங்குக்கு வாடகை கொடுக்க யாராவது வேண்டும்; ஆனால் வாடகை கொடுப்பவர் தமக்குச் சாதகமான பேச்சு நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆகவே ஒவ்வோர் உரைக்கும் முன்னால் ஸ்பான்சர் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள். பேசுபவர் தம் பதிவுகளால் பிழைக்கிறாரா, பதிவெழுதிப் பிழைப்பது எப்படி என்று வகுப்பெடுத்துப் பிழைக்கிறாரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள். இரண்டும் வேறு வேறு தொழில்கள்.

யூடியூப் போன்ற தளங்களின் சார்பாக வருபவர்கள் மிக இனிமையாகப் பேசுவார்கள். பெரும்பாலும் உண்மையாகவும் பேசுவார்கள், ஆனால் அந்த உண்மை அன்றைய விதிகளுக்கு மட்டுமே பொருந்தும். விளம்பர வருமானம் வேண்டுமென்றால் ஒரு சானலுக்கு 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று யூடியூப் 2018-இல் விதியை மாற்றியபோது, அதுவரை வருமானம் பெற்றுக்கொண்டிருந்த எத்தனையோ சிறிய சானல்கள் வெளியே நின்றன. அதற்கும் முன்பு, பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டபோது, அதன் வழியாகவே படித்துக்கொண்டிருந்த வாசகர்களைப் பல பதிவர்கள் இழந்தார்கள். ஆகவே யாரிடம் பேசினாலும், அந்தத் தளம் நாளை மூடப்பட்டால் உங்கள் வாசகர்களை எப்படிச் சென்றடைவீர்கள் என்று கேள். சொந்த முகவரியில் தளமும், மின்னஞ்சல் முகவரி தந்த வாசகர்களின் பட்டியலும் வைத்திருப்பவர்கள் அமைதியாகப் பதில் சொல்வார்கள். மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். யாரிடம் கூடுதல் நேரம் செலவிடலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

புகழ்பெற்றவர்களைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அவர்களோடு படம் எடுத்துக்கொள்ள ஆசையிருந்தால் எடுத்துக்கொள், தாயாக எனக்கும் அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்த வரிசையில் ஒரு முழு மாலையைத் தொலைத்துவிடாதே. கோடிக்கணக்கில் பார்வை பெறுபவரின் இன்றைய சிக்கல்கள் உன் சிக்கல்கள் அல்ல. உன்னைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னால் தொடங்கி, உன்னைப் போலவே வேலைக்குப் போய்க்கொண்டே பறவைகளைப் பற்றியோ பழைய கட்டடங்களைப் பற்றியோ எழுதுகிறவர்களைத் தேடிப் பிடி. எந்தப் பதிவு தோற்றது, எதை நிறுத்தினார்கள், ஒரு காணொளிக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையெல்லாம் அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். வருமானத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதே. உன் கணக்கை முதலில் சொன்னால் எதிரில் இருப்பவரும் தம் கணக்கைச் சொல்வார். தணிக்கை அறையிலும் இது பலமுறை பலித்த வழி.

புதியவர்களிடம் பேச்சைத் தொடங்குவது உனக்குக் கடினம் என்று எனக்குத் தெரியும். போவதற்கு முன்பே, வருகிறவர்களில் நீ உண்மையாகவே படிக்கும் சிலருக்கு, அவர்களுடைய குறிப்பிட்ட ஒரு பதிவைச் சொல்லி ஒரு சிறு செய்தி அனுப்பிவிடு. பொதுவான பாராட்டு யாருக்கும் நினைவில் நிற்காது. இரவு அறைக்குத் திரும்பியதும், சந்தித்தவர்களின் பெயரோடு அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதி வை. அட்டைகளை மட்டும் சேர்த்தால் ஒரு வாரத்தில் எந்த முகம் எந்தப் பெயருக்கு உரியது என்பதே மறந்துபோகும்.

கண்காட்சிக் கூடத்தைப் பற்றி ஒரு தாயாக இல்லாமல் தணிக்கையாளராகவே பேசுகிறேன். இலவசமாக ஒரு பொருளைக் கையில் கொடுத்து, இதைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்பார்கள். வாங்கிக்கொள்வது குற்றமல்ல; வாங்கியதை வாசகரிடம் மறைப்பதுதான் குற்றம். அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009-லேயே பதிவர்களையும் தன் விளம்பர வழிகாட்டுதல்களுக்குள் கொண்டுவந்து, இத்தகைய தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. அதன் பிறகு வேறு பல நாடுகளும் அந்த வழிக்கு வந்திருக்கின்றன. பிராண்டுகளின் ஆட்கள் அங்கேயே ஒப்பந்தத்தை நீட்டி, இன்று கையெழுத்திட்டால் சிறப்புத் தொகை என்று சொல்லக்கூடும். அவசரப்படுத்தும் ஒப்பந்தத்தில் அவசரத்துக்கான காரணம் உள்ளேயே எங்காவது எழுதப்பட்டிருக்கும். உன் காணொளியை அவர்கள் எவ்வளவு காலம், எங்கெங்கே பயன்படுத்தலாம், போட்டி நிறுவனங்களுக்கு நீ எத்தனை மாதம் வேலை செய்யக் கூடாது, பணம் எந்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் வரும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் ஆகிய நான்கையும் தேடிப் பார். "என்றென்றும்" என்ற சொல் காலத்தைக் குறிக்கும் இடத்தில் இருந்தால், தொகையைப் பார்க்காமலே அடித்துவிட்டுத் திருப்பிக் கொடு. மற்றவற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எவ்வளவு நேரமானாலும் படித்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதுகிறேன், அதுவரை பேனாவைத் திறக்காதே.

அன்புடன்,
அம்மா