நியூஃபவுண்ட்லாந்தின் தெற்குக் கரையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவின் கிழக்கு ஓரத் தீவான நியூஃபவுண்ட்லாந்து பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். பனிப்பாறைகள், திமிங்கிலங்கள் பற்றிய பகுதிகள் அருமை. ஆனால் கட்டுரை ட்வில்லிங்கேட்டையும் செயின்ட் ஜோன்ஸ் நகரையும் தாண்டவில்லை. அந்தத் தீவைப் பற்றி எழுதும் ஒரு தமிழ் இதழ், அதன் தென்கிழக்கிலுள்ள அவலன் குடாநாட்டின் தெற்குக் கரையை விட்டுவிடலாமா?

செயின்ட் ஜோன்ஸிலிருந்து 10ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போக மரங்கள் மறைந்து, பாசி படர்ந்த வெட்டவெளி விரியும். மூடுபனி இறங்கிவிட்டால் கடல் இரைவது கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள சிற்றூர்க்காரர் பலருடைய முன்னோர் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பேச்சில் அந்த இழுவை இன்றும் இருக்கிறது. போர்ச்சுகல் கோவ் சவுத் ஊரிலிருந்து வழிகாட்டியோடு மிஸ்டேக்கன் பாயிண்ட் என்னும் கடல்முனைக்குப் போகலாம். 56 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட உயிர்களின் அச்சுகள் கடலோரப் பாறையில் அப்படியே கிடக்கின்றன. 2016இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. பாறையில் கால்வைக்கும் முன் கோயிலில் போலக் காலணியைக் கழற்ற வேண்டும்.

உணவும் நம்மவருக்கு அந்நியமாக இராது. கொட் மீன் கருவாட்டையும் இரவெல்லாம் ஊறவைத்த கெட்டி ரொட்டியையும் சேர்த்துச் சமைத்து, பொரித்த பன்றிக்கொழுப்பைத் தூவித் தருவார்கள். கேட்டால் கதையும் வரும். 1954 முதல் 1975 வரை அரசின் மீள்குடியேற்றத் திட்டத்தில் ஏறத்தாழ 30,000 பேர் தங்கள் கரையோர ஊர்களைவிட்டுப் போனார்கள்; சிலர் வீட்டையே கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். 1992 ஜூலையில் கொட் மீன்பிடி தடைசெய்யப்பட்டபோது மறுபடியும் அதே அளவு மக்கள் பிழைப்பை இழந்தார்கள். ஊரைவிட்டுப் போவதைப் பற்றி அவர்களோடு பேச நமக்கு நிறைய இருக்கிறது.

குளிர்காலத்தில் போகும் துணிவுள்ளவர்களுக்கு இன்னொன்று. கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6க்கும் இடையே மம்மர்கள் என்னும் வேடக்காரர்கள் வீடுவீடாக வருவார்கள். தலையணை உறையாலோ திரைச்சீலையாலோ முகத்தை மூடி, ஆண்கள் பெண்ணுடையிலும் பெண்கள் ஆணுடையிலும் வந்து, குரல் பிடிபடாதபடி மூச்சை உள்ளிழுத்தபடியே பேசுவார்கள். யாரென்று வீட்டார் கண்டுபிடித்த பிறகுதான் முகம் காட்டுவார்கள். பிறகு கேக், மது, ஆட்டம். 1861இல் சட்டம் போட்டுத் தடுத்தும் அழியாத வழக்கம் இது.

இவற்றையெல்லாம்விட, நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. 1986 ஆகஸ்டில் இந்தக் கரைக்கு அப்பால்தான், செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு நேரே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை செயின்ட் மேரிஸ் குடாவின் மீனவர்கள் கண்டார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களைக் கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்ற விவாதம் நாடெங்கும் பிறகு எழுந்தது. மீனவர்கள் அதற்கெல்லாம் காத்திராமல் தங்கள் படகுகளில் ஏற்றிக்கொண்டார்கள். மீட்கப்பட்டவர்கள் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் வேரூன்றினார்கள். 30ஆம் ஆண்டு நிறைவின்போது சிலர் திரும்பிப்போய் நன்றி சொன்னார்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த மீனவர்களுக்கும் மீட்கப்பட்டவர்களுக்கும் வயதாகிவிட்டது. இரு தரப்பாரையும் நேரில் கண்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே அடுத்த கோடைக்குள் வெளியிடுங்கள். கூடவே சாலை வரைபடமும் தங்குமிட விவரமும் கொடுத்தால் குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு உதவும். பெட்ரோல் நிலையங்கள் அங்கே தூரத்துக்கொன்றாகத்தான் இருக்கின்றன, அதையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
வாசகி, ஸ்காபரோ